ஆன் பண்ணலாமா, மேம்?

மின்பொறி ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒயர்களை இணைத்து முடித்தாலும், ஆசிரியர் பார்த்துத் தலையசைக்காமல் ஸ்விட்சைப் போடக் கூடாது. பெரம்பலூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் நான் பாடம் நடத்தச் சேர்ந்ததிலிருந்து அதிகம் கேட்ட கேள்வி, "ஆன் பண்ணலாமா, மேம்?"

ஆண்டிமடத்திலிருந்து வரும் மாணவி ஒருத்திக்கு இந்த ஆய்வகத்தின் செய்முறைத் தேர்வு ஏற்கெனவே ஒருமுறை போயிருந்தது. மறுபடியும் போனால் படிப்பை நிறுத்தி, அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

மாதிரித் தேர்வில் மோட்டார் இணைப்பைச் சரியாகத்தான் கொடுத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தேர்வாயிற்றே என்று நான் பேசாமல் நின்றேன். அவள் முகம் வாடியது. சரியாக இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"நல்லாத்தானே குடுத்திருந்த? ஏன் கழட்டுன?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மேம். ஸ்கூல்லேருந்தே அப்படித்தான். மிஸ்ஸு பேசாம நின்னா தப்புன்னு அர்த்தம்."

பக்கத்து மேசைத் தோழி சிரித்தாள். "மீட்டரு மேசையில இருக்குடி, மேம் மூஞ்சியில இல்ல."

அன்று முதல் காலேஜ் பஸ் கிளம்பும்வரை, மெயினை அணைத்துவிட்டு அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அவள் சரியாகக் கொடுத்தாலும் தப்பாகக் கொடுத்தாலும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன்? சரிபார்க்க ஒரு வரிசையும் வைத்திருந்தேன். முதலில் சப்ளை, அடுத்து ஃபியூஸ், ஆம்மீட்டர், வோல்ட்மீட்டர், கடைசியில் மோட்டார். ஆம்மீட்டர் வந்ததும் தடுமாறிவிடுவாள். ஒருநாள் மோட்டாரில் விரலை வைத்துத் தலைகீழாகத் தொடங்கினாள்.

"கரண்டு போயிச் சேர்ற எடத்துலேருந்து வந்தா எனக்குக் கொழம்பல மேம்."

"அப்ப அப்படியே வா" என்றேன்.

தேர்வன்று வேறு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். அவள் இணைத்து முடித்தாள். பழக்கத்தில் என்னைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. லேசாக நான் தலையசைத்தால் போதும், ஸ்விட்சைப் போட்டுவிடுவாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே சிமென்ட் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கும் சத்தம் வருமோ என்று காது அவள் மேசையிலேயே இருந்தது.

வரவில்லை. திரும்பியபோது அவள் விரல் மோட்டாரிலிருந்து மெல்லப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன.

"கனெக்‌ஷன் சரியா இருக்காம்மா?" தேர்வாளர் கேட்டார்.

"சரியா இருக்கு சார்."

"யாரு செக் பண்ணது?"

"நாந்தான் சார்."

அவர் குனிந்து ஒருமுறை பார்த்தார். "போடு."

மோட்டார் சீராக ஓடத் தொடங்கியது. அவள் மீட்டரைப் பார்த்து அளவுகளை எழுத ஆரம்பித்தாள். அதன்பின் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.