சாம்பாரில் மிளகாய்ப் பொடி போட்டவன்

அன்று விடுதிச் சாம்பாரில் மிளகாய்ப் பொடியைக் கொட்டியவன் நான்தான்.

மாணவர்கள் அல்ல. சமையற்காரர் வெங்கடப்பாவும் அல்ல. நான்! அந்தப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் விரிவுரையாளன், விடுதியின் துணைக் காப்பாளன், பின்னர் அந்தக் கலவரத்தைத் தீர்த்துவைத்த உத்தமன் என்று மேடையில் பொன்னாடை வாங்கியவன்... அதே நான்தான்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கேள். நானும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஓசூரைச் சுற்றி இரண்டு கம்பெனிக்கு ஒரு பொறியியல் கல்லூரி முளைத்துக்கொண்டிருந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நான், மத்திகிரியில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். மதியச் சாப்பாடு மட்டும் கல்லூரி விடுதியில், இலவசமாக. துணைக் காப்பாளன் பதவியால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். அந்த லாபத்தையும் வெங்கடப்பாவின் சாம்பார் கெடுத்தது.

அதில் வெல்லம் போடுவார்!

ஒரு நாள் போட்டால் பொறுக்கலாம். தினமும் போடுவார். ஓசூரை அடுத்த பேரிகை என்ற ஊர்க்காரர் அவர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று மொழியிலும் அவருடைய சாம்பார் இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு முறை பணிவாகவே கேட்டுப் பார்த்தேன்.

"வெங்கடப்பாண்ணே, ஒரு நாளைக்கு வெல்லம் இல்லாம வச்சுப் பாருங்களேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெல்லம் போடலன்னா அது சாம்பாரா சார்? காய் போட்ட ரசம் சார் அது!"

விடுதியில் இதனால் இரண்டு கட்சி. மதுரைக்குத் தெற்கேயிருந்து வந்த பையன்கள் ஒரு கட்சி. ஓசூர், பாகலூர், தளி பக்கத்துப் பையன்கள் இன்னொரு கட்சி. தென்கட்சிக்குத் தலைவன் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரன். உள்ளூர்க் கட்சிக்கு மஞ்சுநாத். நான் வெளியே நடுநிலை. உள்ளுக்குள்ளே சுடலைமுத்துவைவிடத் தீவிரமான தென்கட்சிக்காரன்!

அம்மா ஊரிலிருந்து ஒரு கிலோ மிளகாய்ப் பொடி அரைத்து அனுப்பியிருந்தாள். அதில் பாதியை ஒரு டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். என்ன நோக்கத்தோடு? சத்தியமாகச் சொல்கிறேன், யாரையும் வதைக்கும் நோக்கம் இல்லை. சாம்பாரைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்! ஒரு முறை அந்த ருசியைக் கண்டுவிட்டால் மொத்த விடுதியும் மனம் மாறிவிடும் என்று நம்பினேன். உலகத்தில் எத்தனை நாசம் இந்த நம்பிக்கையால் நடந்திருக்கிறதோ!

சிலிண்டர் வண்டி வந்ததும் வெங்கடப்பா சமையற்கட்டிலிருந்து வெளியே போனார். கூட இருந்தவர்களும் இறக்கப் போனார்கள். நான் அண்டாவின் முன் தனியாக நின்றேன். பொறியாளன் அல்லவா, கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு ஸ்பூன். இங்கே முந்நூறு பேர். ஆக எழுபத்தைந்து ஸ்பூன். வகுப்பில் பையன்கள் இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் முட்டை போட்டிருப்பேன். வெங்கடப்பா ஏற்கெனவே போட்ட மிளகாயை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது மட்டுமா? அவர் போடுவது பேடகி மிளகாய், நிறம்தான் தரும். எங்கள் ஊர் மிளகாய் உயிரை எடுக்கும்.

எண்ணிக்கொண்டே போட்டேன். நாற்பதாவது ஸ்பூனில் வெளியே சிலிண்டர் உருளும் சத்தம் நின்றது. பதற்றத்தில் எண்ணிக்கை மறந்தது. மீதியை அப்படியே கவிழ்த்துவிட்டு, கலக்கிவிட்டு, நல்லவன் போல நடந்து வெளியே வந்தேன்.

பிறகு நடந்ததை எப்படி விவரிப்பேன்!

முதல் பந்தியிலேயே ஒருவன் "அம்மா" என்று எழுந்தான். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் டிரம் காலி. குழாய்களுக்கு முன்னால் வரிசை. முதலாமாண்டுப் பையன் ஒருவன் சர்க்கரை டப்பாவை அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். மூக்கும் கண்ணும் ஒழுக, "தெக்கத்திக்காரங்கதான் பொடிய கொட்டிட்டாங்க!" என்று மஞ்சுநாத் கத்தினான். "ஏல, எங்களக் கேலி பண்ணணும்னு நீங்களே போட்டுட்டு எங்க மேல பழி போடுதியளா?" என்று சுடலைமுத்து பாய்ந்தான். தட்டுகள் பறந்தன. ஜன்னல் கண்ணாடி போயிற்று. இரண்டு பேருக்கு மண்டையில் தையல். மிஞ்சிய சாம்பாரை அண்டாவோடு தூக்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டினார்கள். வெங்கடப்பா கரண்டியோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

முதல்வர் என்னை அழைத்தார். சேலத்துக்காரர், சீக்கிரம் வியர்த்துவிடும் மனிதர். "அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருதுங்க. போலீசும் வேணாம், பேப்பரும் வேணாம். சஸ்பெண்டு பண்ணா அவனவன் அப்பன் லாரியில ஆள கூட்டிட்டு வந்துருவான். நீங்க பெங்களூர்ல ரெண்டு நாள் என்னமோ வட்டம்னு படிச்சிட்டு வந்தீங்களே... அத போடுங்க!"

ஆம், படித்திருந்தேன். தண்டனை கொடுக்காமல் சண்டையைத் தீர்க்கும் முறை. சம்பந்தப்பட்ட எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பொருளைக் கைமாற்ற வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, எப்படிச் சரிசெய்வது என்று மூன்று சுற்று. தவறு செய்தவன் தானாகவே ஒப்புக்கொள்வான், உறவு புதுப்பிக்கப்படும். அருமையான முறை! இன்றும் சொல்கிறேன், அந்த முறையில் ஒரு குறையும் இல்லை. நடத்துகிறவன் திருடனாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வரைபடக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். கட்சிக்கு ஆறு பேர், வெங்கடப்பா, நான். பதினாலு பேர். கைமாற்றும் பொருளாகச் சாம்பார்க் கரண்டியையே தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு மிகப் பெரிய யோசனையாகத் தோன்றியது... வெட்கக்கேடு!

வெங்கடப்பாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "பஞ்சாயத்தா சார் இது?"

"இல்லண்ணே. பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்வாங்க. இங்க யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டாங்க."

"அப்ப தப்பு பண்ணவன ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?"

"மாட்டோம். அவனே சொல்லணும், அது போதும்."

"எல்லாரும் நெசம் சொல்வாங்களா சார்?"

"கரண்டி கையில இருக்கும்போது யாரும் பொய் சொல்ல மாட்டாங்கண்ணே. அதான் இதுல முக்கியமே."

அவர் தலையாட்டினார். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். பன்னிரண்டு பையன்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு மனிதர் மட்டும் நம்பினார்.

முதல் நாள் சுடலைமுத்து கரண்டியைப் பிடித்துக்கொண்டு தன் அம்மா வைக்கும் சாம்பாரைப் பற்றி இருபது நிமிடம் பேசி அழுதான். கரண்டி கையில் இருப்பதால் யாரும் குறுக்கிட முடியவில்லை. ஆனால் மிளகாய்ப் பொடியைப் போட்டது தான் அல்ல என்றான். மஞ்சுநாத்தும் இல்லை என்றான். ஒவ்வொருவனும் இல்லை என்றான். "நான் எப்பவும் போடற மாதிரிதான் சார் போட்டேன்" என்றார் வெங்கடப்பா. கடைசியில் கரண்டி என்னிடம் வந்தது. நடத்துகிறவனும் பேசியாக வேண்டும் என்பது விதி.

"எனக்கும் எதுவும் தெரியாது" என்றேன்.

கை நடுங்கவில்லை. குரல் கம்மவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் சானமாவுக் காட்டு யானை ரோட்டில் இறங்கி டவுன் பஸ்கள் நின்றுபோனதால் வட்டம் ஒரு மணி நேரம் தாமதம். யாருக்கு வலித்தது என்ற சுற்று அது. பையன்கள் மண்டைத் தையலைக் காட்டினார்கள். வெங்கடப்பா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருவது வருசமா சமைக்கறேன். பேரிகை சுத்துப்பட்டுல எத்தினி கல்யாணம்! நான் வெச்சத யாரும் கீழ ஊத்துனதில்ல சார்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று அதைச் சமாதானப்படுத்தினேன். சாயங்காலம் முதல்வர் வேறு, "எவனாவது ஒத்துக்கிட்டானா?" என்று துளைத்தார்.

மூன்றாம் நாள். சரிசெய்யும் சுற்று. செய்தவனே தெரியாமல் எதைச் சரிசெய்வது? எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். கரண்டி வெங்கடப்பாவிடம் போனது. அவர் எழுந்து நின்றார்.

"ராத்திரியெல்லாம் யோசன பண்ணேன் சார். பதினாலு பேரு கையிலயும் கரண்டி போச்சு. பசங்க யாரும் போடலன்னாங்க. சாரும் தெரியாதுன்னாரு. கரண்டிய புடிச்சிக்கினு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. அடுப்பாண்ட பொடி போடறவன் நான் ஒருத்தன்தான். அப்ப நான்தான் போட்டிருக்கணும். கை தவறிப் போச்சு. எனக்கே தெரியல. என்னால நீங்க அடிச்சிக்கினீங்க. மன்னிச்சிருங்கப்பா."

தியாகம் செய்தார் என்று நினைக்கிறாயா? இல்லை! அப்படியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த மனிதர் அதை உண்மையாகவே நம்பினார். கணக்குப் போட்டு, விடை கண்டுபிடித்து, தலைமேல் ஏற்றுக்கொண்டார். என் கணக்கைவிட அவருடைய கணக்கு எவ்வளவோ நேர்மையானது. அவருக்குக் கொடுக்கப்பட்ட எண்களில் ஒன்று மட்டும் பொய்.

அறையே உருகிவிட்டது. சுடலைமுத்து ஓடிப்போய் அவர் காலைத் தொட்டான். மஞ்சுநாத் சுடலைமுத்துவைக் கட்டிக்கொண்டான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; அது நடிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. முறைப்படி ஒப்பந்தம் எழுத வேண்டும். செய்தவர் எப்படி ஈடுசெய்வார்? தென்கட்சியில் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணன் இனிமே வெல்லம் போடாம இருந்தா..."

உருகிய நிலையில் உள்ளூர்க் கட்சியும் தலையாட்டியது. வெங்கடப்பா சம்மதித்தார். "சாம்பாரில் இனி வெல்லம் சேர்ப்பதில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கியவன் யார்? நானேதான்! குற்றம் செய்தவனுக்கு அவன் கேட்ட வரமே கிடைத்த வழக்கை நீ எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

மறுநாளிலிருந்து வெல்லம் இல்லை. எனக்கும் சாம்பார் இறங்கவில்லை.

வெங்கடப்பா ஒவ்வொரு கரண்டிப் பொடிக்கும் சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்தார். அதுவும் போதாமல், கூட நின்று எண்ணுவதற்கு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். சாப்பாடு தினமும் அரை மணி நேரம் தாமதம். ஒரு நாள் மிளகாய்ப் பொடி டின்னுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க வெச்சிக்கோங்க சார். என் கை மேல எனக்கே நம்பிக்க இல்ல. நம்ம காலேஜில உங்களாட்டம் ஆளுகிட்ட இருந்தாத்தான் சரி."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வேன்... சொல்!

எனக்குப் பதவி உயர்ந்தது. மற்ற கல்லூரிகளில் வட்டம் போடச் சொல்லி அழைப்புகள் வந்தன. போன இடமெல்லாம் வெங்கடப்பாவின் ஒப்புதலைத்தான் உதாரணம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கைதட்டல். அந்த வருடக் கடைசியில் வெங்கடப்பா வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. இந்த முறை சொல்லியே தீர்வது என்று பேரிகைக்குப் போனேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார்செய்து வைத்திருந்தேன். "அண்ணே, போட்டது நான்தான்." மூன்றே வார்த்தை, மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.

மண்டபத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து உறவுக்காரர்களிடம் காட்டினார். "இந்த சார் இல்லன்னா அன்னிக்கு பசங்க அடிச்சிக்கினே செத்திருப்பாங்க. என் தப்ப என் வாயாலயே சொல்ல வெச்ச மனுசன்!"

சமையற்கட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சுற்றுப்பட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்தவர், மகள் கல்யாணத்துக்குச் சூளகிரியிலிருந்து ஆள் பிடித்திருந்தார். வெங்கடப்பா ஒரு டம்ளரில் சாம்பார் கொண்டுவந்து நீட்டினார். "சார், கொஞ்சம் பாத்து சொல்லுங்க. எனக்கு இப்ப நாக்குல ருசியும் சரியா பிடிபடல."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுலயும் அப்பிடித்தான் சார். ரெண்டு வருசமா அடுப்பு பக்கமே வர்றதில்ல. கொழம்புக்கு உப்பு போடறதுக்குக்கூட கை நடுங்குது அவருக்கு."

வாயைத் திறந்தேன். டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தேன். வெங்கடப்பா பள்ளிக்கூடப் பையனைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "சார் சொல்லிட்டாரு, எறக்குங்கப்பா!" என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். அதனால் என்ன ஆகப்போகிறது? நீயா அவர் கையை நடுங்க வைத்தாய்? அவர் இன்னும் பேரிகையில்தான் இருக்கிறார். ஓசூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். அதைச் சொல்ல நான் இன்னும் போகவில்லை.