மூன்றாவது ஒயர்

வழவழவென்று பெயிண்ட் அடித்த இரும்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத மணல் ஒட்டியிருப்பதுபோல் சொரசொரவென்று படும். சுவிட்சை அணைத்துவிட்டு அதே இடத்தைத் தடவினால் மணல் இருக்காது. கரண்டு கசிகிற இரும்பு அப்படித்தான் இருக்கும். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திய ஒரு பச்சை நிற டேபிள் ஃபேன்தான் சொல்லித் தந்தது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும், காபி கொடுக்கிறார்களோ இல்லையோ, அங்கே இருக்கிற ஃபிரிட்ஜையோ கிரைண்டரையோ புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். என் பிள்ளைகள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில், வருகிறவர்களுக்கு அறை திறந்துவிடுகிற வேலை அவருக்கு. ஆனால் எங்கள் சந்தில் அவருக்கு இருந்த மதிப்பு அந்த வேலையால் வந்ததல்ல. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போகிற சாமான்களை, கடை விலையில் பாதிக்கும் கீழே பேசி வாங்கி வருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் எப்போது கிளம்புகிறார்கள் என்பதை ஜட்கா வண்டிக்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வார். முன்கூட்டிப் போய் நிற்க மாட்டார். "பொட்டி கட்டி, வண்டி வந்து வாசல்ல நிக்கற நேரத்துல போவணும். அப்ப அவங்களுக்கு சாமான் பாரம். நாம சொல்றதுதான் வெல" என்பார். டேப் ரிக்கார்டர், அலாரம் கடிகாரம், ஃபிளாஸ்க், முகம் மழிக்கிற மெஷின் என்று எத்தனையோ அப்படி எங்கள் வீட்டு வழியாகப் பல வீடுகளுக்குப் போயின. அந்த மழிக்கிற மெஷினுக்கு எந்த பேட்டரி போடுவது என்று மட்டும் கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் பெரிய அக்கா விஜயா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையலோடு வந்தவள், எங்கள் வீட்டுச் சூட்டில் துவண்டுபோனாள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: எங்கள் ஊரில் பொழுது போனாலும் வெயில் போகாது. பகலெல்லாம் குடித்த சூட்டை மலை சாயங்காலத்துக்கு மேல்தான் திருப்பித் தர ஆரம்பிக்கும். அக்கா வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டு கிடப்பாள். அதைப் பார்த்துத் தாங்காமல்தான் நைனா அந்த ஃபேனைக் கொண்டுவந்தார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் வாங்கியது. மெட்ராஸில் புதிதாக வாங்கி ஒரு கோடைகூட முழுசாக ஓடாத ஃபேன். பச்சைக் கலர் இரும்பு உடம்பு, பளபளவென்று கம்பிக் கூண்டு. விலையைக் கேட்ட அம்மாவுக்கு முகம் மலரவில்லை.

"இவ்ளோ கம்மிக்கு இன்னாத்துக்குக் குடுத்தா?"

"ஃபிளைட்ல தூக்கினு போவ முடியுமாடி?"

"எதனா கோளாறு இருக்கப் போவுது."

"அவ ரூம்ல ஓடிக்கினு இருந்துச்சு. நானே பாத்தேன், கையால தொட்டே பாத்தேன். கம்மியா கெடச்சா உனக்குத் தூக்கம் வராதே!"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த அம்மாவின் அறையில் அது நன்றாகத்தான் ஓடியிருக்கும். அங்கே மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்ட். எங்கள் வீட்டில் மரப்பலகையில் இருந்தது இரண்டு ஓட்டைதான். நைனா ஒயர்மேனைக் கூட்டிவந்தார். அவன் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், மூணாவது ஒயரு எர்த்து. கரண்டு கசிஞ்சா மண்ணுக்கு எறக்கறது. அதுக்குக் கொல்லையில குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பைப்பு எறக்கணும்" என்றான்.

"எவ்ளோ ஆவும்?"

அவன் சொன்னான். நைனா சிரித்தார். "ஃபேனே அவ்ளோ இல்லியேடா! வாடக ஊட்டுக்கு நான் குழி வேற வெட்டணுமா? இது இல்லாம ஓடாதா?"

"ஓடும் சார். ஓடறதுக்கு ரெண்டு ஒயரு போதும்."

"அப்ப கட் பண்ணு."

அவன் கத்தரித்தான். இரண்டு முனைப் பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஓடியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நைனா மறுநாள் லாட்ஜில் எல்லோரிடமும் அந்த ஃபேனைப் பற்றிப் பேசினார். அவர்கள் வழியாகக் கீழ்பென்னாத்தூருக்கும், "மருமவளுக்கு ஃபாரின்காரங்க ஃபேனு வாங்கிப் போட்டிருக்காரு" என்று செய்தி போய்விட்டது.

கிள்ள ஆரம்பித்தது சில நாள் கழித்துத்தான். முதலில் பச்சைப் பெயிண்டில் அந்த மணல் சொரசொரப்பு. பிறகு கூண்டுக் கம்பியைத் தொட்டால் முழங்கைவரை ஒரு சுர்ர். நைனா தொட்டுப் பார்த்து, "லேசா கிள்ளுது, அவ்ளோதான். தொடறது ஏன்? காத்து வாங்கறதோட இருங்களேன்" என்றார். ஆனாலும் அன்று சாயங்காலமே புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து ஃபேன் வைத்த ஸ்டூலின் அடியில் போட்டார். தொடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். விளக்கேற்றுகிற வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா முரண்டு பிடித்தாள். அந்தச் செருப்பு வாசற்படியைத் தாண்டவே தாண்டாது, மண்ணே மிதிக்காத செருப்பு செருப்பில் சேர்த்தியில்லை என்று பேசி ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்தார். எங்களுக்குள் அதற்குப் பேரே "ஃபேன் செருப்பு" என்றாகிவிட்டது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு வயிற்றைத் தாங்கி நடக்கிறபோது, "மகாராணி காத்து வாங்கக் கெளம்பிட்டாங்க" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்போமே தவிர, ஸ்கூல் லீவு நாள் முழுக்க என் கண் அவள் காலில்தான் இருந்தது. அப்போதே நான் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் மாமியார் மருமகளைப் பார்க்க வந்தார். சம்பந்தி வருகிறார் என்று அம்மா வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். சிமெண்ட் தரை இன்னும் காயவில்லை. அந்த அத்தை நல்ல மனுஷி, ஆனால் வாய் கொஞ்சம் பெரிசு. பூவும் பழமும் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் பட்டது ஸ்டூலின் அடியில் கிடந்த செருப்பு.

"இன்னா அண்ணி இது! மாசமா இருக்கற பொண்ணு தலமாட்டுல, வெள்ளிக்கெழம அதுவுமா, செருப்பு? எங்கூட்டு வாரிசுக்கு இதான் மரியாதியா?" என்று கேட்டுக்கொண்டே, காலாலேயே அதைத் தள்ளிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? ஊரெல்லாம் பேசிய ஃபேன், தொட்டால் கரண்டு அடிக்கிற ஃபேன் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? பெண் கொடுத்த வீடு இல்லையா? "அத்த, அந்த ஃபேனு" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளி, "உள்ள போயி காபி எடுத்தாடி" என்றாள். நான் அடுப்பங்கரை வாசல்படியோடு நின்றுவிட்டேன்.

அக்கா எழுந்தாள். காற்றெல்லாம் தன் பக்கமே வருகிறதே, வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கிற மாமியாருக்கு வரவில்லையே என்று. அவ்வளவுதான் காரணம். "அத்தைக்குக் காத்து வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, கூண்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொண்டையில் ஒரு முனகல், அதற்கு மேல் கண்ணாடி வளையல்கள் கம்பியில் கலகலகலவென்று அடித்துக்கொள்கிற சத்தம். வளைகாப்பு அன்று கேட்ட அதே சத்தம்தான். அதனால்தானோ என்னவோ அம்மாவுக்கு உடனே புரியவில்லை. மாமியார் "அடியே" என்று அவள் தோளைப் பிடிக்கப் போய்த் தானும் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். நான் ஓடிப்போய் சுவரோரம் இருந்த ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் பிய்த்துக்கொண்டு வந்தது. அக்கா பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தாள். உடைந்த வளையல்கள் தரையில் சிதறிக் கிடந்தன.

கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேசினாள். முதல் பேச்சே, "அம்மா, உள்ள அசைய மாட்டேங்குதும்மா" என்பதுதான்.

மாமியார் தன் இடுப்பு வலியை மறந்து, மருமகள் வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இரு, இரு, தூங்குதா இருக்கும்" என்றார். அம்மா வெல்லம் கரைத்துக் கொடுத்தாள். ஒன்றும் அசையவில்லை. ஜட்கா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு குழலை வயிற்றில் வைத்து, காதை அழுத்தி, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். கடைசியில், "துடிப்பு கேக்குது. ஆனா பாத்துக்கினே இருங்க. அசைவு கொறஞ்சா உடனே கூட்டியாங்க" என்றார். அதற்கு மேல் அவராலும் எதுவும் சொல்ல முடியாது.

வண்டியில் திரும்பும்போது மாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஆமா அண்ணி, புதுச் செருப்பாச்சே, அது இன்னாத்துக்கு உள்ள கெடந்துச்சு?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சின்னவ போட்டுக்கினு வந்துட்டா, அண்ணி. சொன்னா கேக்க மாட்டா."

அக்காவின் விரல் என் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை எனக்கு வந்தது. அக்கா வேறு யாரையும் நம்பவில்லை. "காது வச்சிப் பாருடி" என்பாள். அவள் வயிற்றில் காதை ஒட்டி நான் கேட்பேன். சில சமயம் ஏதோ புரளும். சில சமயம் என் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற இரைச்சல்தான் கேட்கும். அப்போதும் "இருக்குது" என்பேன். ஸ்கூல் திறந்தது. "அவ பெத்துப் பொழைக்கட்டும், அப்பறம் போவியாம்" என்றாள் அம்மா. பிறகு நானும் போகவில்லை, யாரும் அனுப்பவும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடனே அழுதது. எல்லோரும் அழுதோம். நைனா மட்டும் சிரித்தார்: "பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல. அதுக்குள்ள ஊரையே கூட்டிட்டீங்க!"

ஏதாவது ஆகியிருந்தால் அந்த ஃபேனை அவரே உடைத்துப் போட்டிருப்பார். அது வீட்டில் இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால், வழக்கம்போல் வாங்குகிற ஆள் பார்த்தார். வேட்டவலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். முன்கம்பியில் துண்டு சுற்றி, அதன் மேல் அவருடைய சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். ஓடவிட்டுக் காட்டினார் நைனா. ஓடியது.

"நல்லாத்தான் ஓடுது. அப்பறம் ஏன் கம்மிக்குத் தர்றீங்க?" என்றார் வந்தவர்.

"பொண்ணு பிரசவத்துக்கு வாங்கனது. பொறந்தாச்சு, அவளும் போவப் போறா. இனிமே எங்களுக்கு இன்னாத்துக்கு?"

எவ்வளவு நிஜமான பதில். கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டும்போது நான் பக்கத்தில் போய், "இது கரண்டு அடிக்கும். செருப்பு போட்டுக்கினுதான் தொடணும்" என்றேன். அவர் சிரித்தார். "ஃபேனுக்குச் செருப்பா? நல்லாருக்கே பாப்பா!" என்று சொல்லிப் பையனைப் பார்த்தார், அவனும் சிரித்தான். "அது எதையாவது ஒளறும், நீ கட்டு" என்றார் நைனா. பையன் திரும்பி ஒரு கையை நீட்டிக் கூண்டுக்குள் விரலை விட்டு றெக்கையைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். சைக்கிள் சந்து முனையில் திரும்பிப் போயிற்று.

அன்று பிறந்தவளுக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயசு. "சித்தி, தள்ளுபடியில ஏசி வாங்கிட்டேன், பாதி வெலதான்" என்று போன் செய்கிறாள். நான் கேட்கிற கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும், நான் கேட்பதற்கு முன்னால் "எர்த்து போட்டாச்சு" என்று அவளே பதில் சொல்லிவிடுகிறாள். அந்த இரண்டு ஓட்டைப் பலகைகள் இப்போது எங்கேயும் இல்லை. ஜட்கா இல்லை, நைனா இல்லை, அம்மா இல்லை. வேட்டவலம் ரோட்டில் பஸ்ஸில் போகிற ஒவ்வொரு கோடையிலும் நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து, திறந்து கிடக்கிற வீடுகளுக்குள் ஏதாவது பச்சையாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். சுற்றுகிறது என்றால் யார் அதன் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றும். இப்போது அந்த ரோட்டிலும் ஏசி வந்துவிட்டது. கதவையெல்லாம் சாத்திக்கொள்கிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று பஸ்ஸிலிருந்து தெரிவதில்லை.