தாடை எலும்பு இருந்த இடம்

1930களின் தொடக்கத்தில், மலாயாவில் பத்துமலைக்கு அப்பால் காட்டுக்குள் இருந்த ஒரு சின்னக் குகையில் நடந்தது இது. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தைந்து வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ கடையில் வேலை. கல்யாண ஜோடிகளையும், கோட்டு மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும் ரயில்வே கிராணிகளையும், அதாவது குமாஸ்தாக்களையும், படம் பிடித்துப் பிடித்து எனக்கே அலுத்துப் போயிருந்தது.

ஒரு நாள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கடைக்கு வந்தார். மலாயாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர். ஆதி மனிதர்கள் எங்கே, எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராய்கிற படிப்பு அவருடையது. ஜாவாவிலும் சீனாவிலும் மிகப் பழைய மனித எலும்புகள் கிடைத்திருப்பதாகவும், இங்கே உள்ள சுண்ணாம்புக் குகைகளிலும் தேடிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். கிடைப்பதைக் கிடைத்த இடத்திலேயே வைத்துப் படம் பிடிக்க ஆள் வேண்டும். தோண்டுகிறவர்கள் எல்லோரும் தமிழர்கள். துரைக்குத் தமிழ், மலாய் இரண்டும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் வரும். ஆகவே படத்துக்கும் பேச்சுக்குமாக என்னையே வைத்துக்கொண்டார்.

அந்தக் குகையின் தரையைச் சதுரமாக வெட்டிப் பார்த்தபோது மூன்று விதமான மண் தெரிந்தது. மேலே வௌவால் எச்சம் ஊறிய கறுப்பு மண். அதற்குக் கீழே சாம்பலும் நத்தை ஓடுகளும் கலந்த மண். அதற்கும் கீழே இறுகிப்போன மஞ்சள் மண். ஒவ்வொன்றும் ஒரு காலம் என்றார் துரை. மஞ்சள் மண்ணில் கிடைப்பது சாம்பல் மண்ணில் கிடைப்பதைவிட எவ்வளவோ பழையது. கிடைக்கிற பொருளைவிட, அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எப்படிக் கிடந்தது என்பதுதான் முக்கியம் என்று முதல் நாளே சொன்னார். அதைத் தமிழில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னவன் நான்தான்.

ஆட்கள் முதலில் சிரித்தார்கள். "நத்தை தின்னவனைத் தேடவா இவ்வளவு தூரம் கப்பலேறி வந்தாரு?" என்று ஒருவர் கேட்டார். ஆனால் நத்தை ஓடுகளின் நுனி ஒரே மாதிரி ஒடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சதையை உறிஞ்சித் தின்பதற்காக ஒடித்தது. "நம்மளும் இப்படித்தானே ஒடிப்போம்" என்று அதே ஆள் மெதுவாகச் சொன்னார்.

அவர்களில் ஒருவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் ரப்பர் பாலுக்காக மரம் சீவியவர். ஆள் குறைப்பில் வேலை போய், மனைவியோடு செந்தூலில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தார். கத்தி மரத்தில் பட்டுவிடாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பழகிய கை. மண்ணையும் அப்படித்தான் சீவுவார். துரை அவரை மட்டும்தான் மஞ்சள் மண்ணில் இறக்குவார்.

அந்த நாள் துரை தபால் விஷயமாகக் கோலாலம்பூர் போயிருந்தார். மத்தியானம் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். காலையில் அண்ணன் குழிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். மண்ணுக்குள் பாதி புதைந்தபடி ஒரு தாடை எலும்பு. பக்கத்தில் இரண்டு புறமும் செதுக்கிய ஒரு கல்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மேற்கொண்டு ஒரு துளி மண்கூட எடுக்காமல், சுற்றிலும் நான்கு மூங்கில் குச்சிகளை நட்டார். "தொரை வந்து அளவு எடுக்கட்டும் தம்பி. அதுவரைக்கும் யாரும் கிட்ட போக வேணாம்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சாப்பிடக் குகை வாசலுக்குப் போனார்.

நான் தனியாக நின்றேன்.

அந்தக் குகையின் கூரையில் ஓர் ஓட்டை உண்டு. உச்சிப் பொழுதில் அரைமணி நேரம் போல வெயில் அதன் வழியாக நேராக இறங்கும். அன்று அது குழியின் ஒரு மூலையில் விழுந்தது. தாடை எலும்பு அதற்கு ஒரு முழம் தள்ளி, இருட்டில் கிடந்தது. பற்களும் தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் துரை என் படங்களைப் பார்த்துவிட்டு, இது எலும்பா உருளைக்கிழங்கா என்று கேட்டிருந்தார். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஒரு படம் நன்றாக வந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. எடுத்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றும் தோன்றியது.

குழிக்குள் இறங்கினேன். இரண்டு கைகளாலும் அந்தத் தாடையைத் தூக்கினேன். மண் அதை விட மனமில்லாமல்தான் விட்டது. பற்கள் மேலே தெரியும்படி வெயிலில் வைத்து, செதுக்கிய கல்லை ஒட்டி நிறுத்தி, குச்சிகளையும் பிடுங்கிச் சுற்றி நட்டுப் படம் எடுத்தேன். பிறகு திரும்ப வைக்கப் போனால், அது இருந்த பள்ளம் பொலபொலவென்று சரிந்திருந்தது. எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எவ்வளவு ஆழம், ஒன்றும் புரியவில்லை. எலும்பையும் கல்லையும் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் வைத்து, சுற்றிக் குச்சிகளை நட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டேன்.

துரை வந்தார். அண்ணன் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். துரை குழிக்குள் குதித்தார், மண்டியிட்டார், பூதக்கண்ணாடியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் செத்துவிட்டது. காலங்காலமாகக் கிடந்த எலும்பை மண் இறுகப் பிடித்திருக்கும், இது மேசைமேல் வைத்த கோப்பை மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீ படம் எடுத்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார்.

"இப்படித்தான் இருந்தது" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அப்படியானால் இந்த ஆள் தொட்டாரா, கேள் என்றார் துரை. "தொரை என்ன சொல்றாரு தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

"எலும்பு இடம் மாறியிருக்காம். நீங்க தொட்டீங்களான்னு கேக்கறாரு."

அவர் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் தொடுவேனா? பார்த்ததும் குச்சி நட்டுட்டுத்தானே போனேன். குச்சி இருந்த இடம் இது இல்ல. நீங்கதான் கூடவே இருந்தீங்களே, சொல்லுங்க தம்பி தொரைக்கிட்ட."

நான் துரையிடம் திரும்பி, தொடவில்லை என்று சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன். மீதியை விழுங்கிவிட்டேன்.

துரை கத்தவில்லை. களைத்துப் போனவர்போல், கவனமில்லாத கை எனக்கு வேண்டாம், நாளையிலிருந்து இவர் வர வேண்டியதில்லை என்றார். அதையும் தமிழில் சொன்னவன் நான்தான். அண்ணன் மண் சீவும் கரண்டியையும் தூரிகையையும் துடைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு நடந்தார்.

மூன்று வாரம் ஓடியது. படம் அருமையாக வந்திருந்தது. ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. நான் அதைக் கடையில் யாருக்கும் காட்டவில்லை; துரையிடம் படம் விழவில்லை என்று சொல்லியிருந்தேன். ஒரு காலையில், குகையில் வேலை செய்த ஓர் ஆளைச் செந்தூல் ரயில் நிலையத்தில் பார்த்தேன். "அவரு ஊருக்குத் திரும்பப் பேரு கொடுத்துட்டாரு. பொண்டாட்டியோட கிள்ளான் துறைமுகத்துக்குப் போயிட்டாரு. இன்னும் ரெண்டு நாள்ல கப்பல்" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நேரே துரை தங்கியிருந்த வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நீ தூக்கும்போது அது எந்த மண்ணில் இருந்தது, சாம்பலிலா மஞ்சளிலா?

எனக்குத் தெரியவில்லை. அதை அந்த இடத்திலிருந்து தூக்கிய ஒரே மனிதன் நான். ஆனால் நான் வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். அவரைக் கூட்டி வா" என்றார் துரை.

மறுநாள் முதல் ரயிலில் துறைமுகத்துக்குப் போனேன். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களை ஒரு பெரிய கொட்டகையில், கம்பி வேலிக்குள் வைத்திருந்தார்கள். டாக்டர் பார்த்து முடித்த பிறகு யாரையும் வெளியே விடுவதில்லை. வேலி ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். கடைசியில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் மனைவிதான் முதலில் எழுந்து வந்தார்.

"நீதானா அந்தப் போட்டோக்காரன்? இன்னும் என்ன படம் எடுக்க வந்தே?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அண்ணன் வேலிக்கு அருகில் வந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும். உங்க சப்பாத்துத் தடம் குழிக்குள்ள இருந்துச்சு. நாங்கல்லாம் வெறுங்காலு. தொரை இறங்கி மிதிச்சதுல அழிஞ்சு போச்சு."

"அப்பவே ஏன் அண்ணே சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? நான் என்ன பேசினாலும் தொரை காதுக்கு உங்க வாய் வழியாத்தானே போகணும்."

 துரை வரச் சொன்னதைச் சொன்னேன். அவர் வேலியையும் காவல்காரனையும் காட்டிச் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பில்லை. கடைசியில் நான் தயங்கித் தயங்கி, அது எந்த மண்ணில் இருந்தது என்று கேட்டேன்.  அவருக்கு நான் நல்லது எதுவும் செய்யவில்லை, அப்போதும் அவரிடம் வாங்கிப் போகத்தான் வந்திருந்தேன்.

 அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மஞ்சள் மண். சாம்பல் மண் முடிகிற கோட்டிலிருந்து நாலு விரற்கடை கீழே. பற்கள் கீழ்நோக்கி. மோவாய் சுவர்ப் பக்கம். செதுக்கிய கல் இடது புறம், தொட்டும் தொடாமலும். ஒரு கல்வெட்டைப் படிப்பதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"இது உங்களுக்காகச் சொல்லல, தம்பி. அந்த வேலையை நான் சரியாத்தான் செஞ்சேன்னு தொரைக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே துரையிடம் போய், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனாவை வைத்துவிட்டார். அந்த மனிதர் குழியில் நின்று தன் கையால் காட்டியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நீ வந்து சொல்வதை வைத்துக்கொண்டு, மஞ்சள் மண் என்று நான் எப்படி உலகத்துக்கு எழுதுவேன் என்று கேட்டார். அதில் கோபம்கூட இல்லை. அந்தக் கோபமாவது இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவர் தன் கட்டுரையை வெளியிட்டபோது ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். நத்தை ஓடுகள், கல் ஆயுதங்கள் பற்றியெல்லாம் நிறைய இருந்தது. தாடை எலும்புக்கு ஒரே ஒரு வரி. கிடைத்த இடம் உறுதியில்லை, ஆகவே காலம் சொல்ல இயலாது. இந்த மண்ணில் முதலில் நடமாடிய மனிதர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். நேற்று முன்தினம் செத்தவராகவும் இருந்திருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியாது. அண்ணனைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. அவர் ஊர் எது என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவுமில்லை. யுத்தம் முடிந்த பிறகு, நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸிலேயே தனியாகக் கடை வைத்தேன். ஆங்கிலம் தெரிந்தவன் என்று ஆஸ்பத்திரிக்கும், போலீஸ் நிலையத்துக்கும், தோட்ட ஆபீசுக்கும் ஆட்கள் என்னை இன்றும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதிகாரி சொன்னதைத் தமிழில் சொல்லி முடித்ததும், "நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?" என்று எதிரில் நிற்பவரைக் கேட்கிறேன். அவர் சொல்வது அதிகாரிக்குப் பிடிக்குமா, எனக்கே பிடிக்குமா என்று பார்க்காமல், ஒரு சொல் குறையாமல் அப்படியே சொல்லிவிடுகிறேன். இதனால் எனக்கு நல்ல பெயர்கூட உண்டு. அந்தப் பெயரை யாராவது சொல்லிப் புகழும்போதெல்லாம், இதை நான் யாருக்குச் செய்திருக்க வேண்டுமோ அவருக்கு மட்டும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு நினைவு வருகிறது.