பொரி தின்று வளர்ந்த பாஸ்

ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊருக்கு வெளியே நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு குளம் இருந்தது. பார்த்த அன்றே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அதில் பாஸ் மீன் வளர்க்க வேண்டும், கைக்குழந்தை கனத்துக்கு ஒன்றைத் தூண்டிலில் பிடிக்க வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு நான் சிரிக்கும் போட்டோ ஹாலில் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். ஆணிகூட அடித்துவிட்டேன்.

என் கணவர் சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மோந்து பார்க்கிற ரகம். "புடிச்சா உடனே ரிலீஸ் பண்ணிடணும். நான் தொடவே மாட்டேன்" என்று கண்டிஷன் போட்டார். தலையாட்டினேன்.

மீன் பண்ணைக்காரர் முதலில் ப்ளூகில் என்ற சின்ன மீன்களை விட்டார். அவை பெருகிய பிறகுதான் பாஸ் குஞ்சுகள். பாஸுக்குத் தீனியே ப்ளூகில்தான். அவர் இதை விளக்கியபோது என் கணவர் உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

இவரோ தெப்பக்குளத்து ஞாபகத்தில் இண்டியன் ஸ்டோரிலிருந்து பொரி வாங்கி வந்துவிட்டார். தினமும் சாயந்திரம் கரையில் நின்று "வாங்கடா கண்ணுங்களா" என்று இறைப்பார். ப்ளூகில்கள் முண்டியடிக்கும். "பாரேன், எப்படி கொழுகொழுன்னு ஆயிட்டானுங்க! அத்தனையும் புண்ணியம்டி" என்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

வருஷங்கள் போயின. போன வசந்தத்தில் ஒரு நாள் இவர் பொரி இறைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தூண்டிலை வீசினேன். கழி வில்லாக வளைந்தது.

"ஐயோ, மாட்டிக்கிச்சுங்க! ஓடி வாங்க!"

அடேயப்பா, என்ன கனம்! இழுத்துக் கரையேற்றிக் கீழுதட்டைப் பிடித்துத் தூக்கினேன். இவர் போனை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். பாஸின் தொண்டையிலிருந்து ஒரு ப்ளூகில் வால் எட்டிப் பார்த்தது.

"இது... நம்ம பையன்ல? இதையா திங்குது?"

"பின்னே? பொரியா திங்கும்?"

சொன்ன பிறகுதான் பக்கென்றது. மீன் வளர்ப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன? இவர் வாலைப் பார்த்தார், பாஸின் தொப்பையைப் பார்த்தார், கையிலிருந்த பொரிப் பையையும் பார்த்தார்.

"அப்போ இவ்ளோ வெயிட்டும் என் பொரிதானா?"

போனை என் கையில் திணித்தார். "குடு இப்படி. எங்க புடிக்கணும்? சீக்கிரம் எடு, பாவம், அதுக்கு மூச்சு முட்டும்."

எடுத்தேன். மீன் குளத்துக்குத் திரும்பியது. என் ஆணியில் இப்போது தொங்குவது, முப்பத்திரண்டு பல்லும் தெரிய மீனை ஏந்தி நிற்கும் அந்தச் சுத்த சைவம். வருகிற ஆன்ட்டி, அங்கிள் எல்லோரிடமும் "நான் வளர்த்தது" என்கிறார். பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருக்கிறேன்.