பாஞ்சாலை திறக்காத கதவு

செங்கம் ரோட்டில் பாஞ்சாலையின் இட்லிக் கடைக்கு வருகிறவன் காவி கட்டிய சாமியாராக இருந்தாலும் சரி, லாரி டிரைவராக இருந்தாலும் சரி, முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவாதவனுக்கு இலை விழாது. "இட்லி விக்கிறியா, இஸ்கூல் நடத்துறியா?" என்று போன வாரம் ஒருத்தன் எகிறினான். "ரெண்டுந்தான். போய்க் கழுவிக்கினு வா" என்றாள். அவள் அப்படித்தான். ஆனால் அவள் இட்லி விற்க வந்த கதையை ஊர் மறந்துவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் முற்பாதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆயாக்கள். அப்போது காலரா நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கும் வந்தது, அதுவும் கார்த்திகை தீபத்துக்கு ஜனம் சேருகிற நேரம் பார்த்து. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வாந்தி பேதி என்று வந்தவர்களையெல்லாம் அங்கே படுக்க வைத்தார்கள். டாக்டர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். உள்ளே போன துணியும் பாத்திரமும் கொதிக்க வைக்காமல் வெளியே வரக் கூடாது. வாசலில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கை கால் கழுவாமல் யாரும் தாண்டக் கூடாது. பேதி நின்றாலும் கிருமி உள்ளே இருக்கும், அதனால் வேலூரிலிருந்து பரிசோதனை முடிவு வராமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. "நானே வந்து சொன்னாலும் கதவத் தொறக்காதே" என்று சாவியைப் பாஞ்சாலையிடம் கொடுத்தார். பாவம், யாரிடம் கொடுக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

தீபத்துக்கு முந்தின வாரம் ஜோதியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெல் மண்டி கோதண்டராமனுடைய அம்மா. ஆஸ்பத்திரியைக் கட்டியது அவர் அப்பா, எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர். அந்த அம்மா பிழைப்பதே சந்தேகம் என்றார்கள். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள், வாளி வாளியாக நாங்கள் அள்ளிக் கொட்டினோம். தீபத்தன்று காலையில் எழுந்து உட்கார்ந்து, "காப்பி கொண்டாங்கடி" என்று அதட்டினாள். பேதி நின்றிருந்தது. பரிசோதனை முடிவு மட்டும் வரவில்லை.

அன்றைக்குத்தான் அந்த வீட்டு அன்னதானம். முதல் அண்டா தயிர்சாதத்தை வீட்டுக்கு மூத்தவளான ஜோதியம்மாள்தான் பிசைய வேண்டும். கரண்டி ஆகாது, முழங்கைவரை கையை விட்டுப் பிசைய வேண்டும். அந்தக் கைராசியில்தான் மண்டி ஓடுகிறதாம். கைராசியாம் கைராசி! மலை சுற்ற வந்த ஜனங்களோடு முதல் பந்தியில் எங்கள் தெருப் பிள்ளைகளும் உட்காரும். பாஞ்சாலையின் பிள்ளைகள் இரண்டும் விடிந்ததிலிருந்தே அங்கே இடம் பிடித்துக் காத்திருந்தன. அப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு வருஷத்தில் வயிறு நிறைகிற நாள் அது.

அம்பாசடர் கார் வந்து நின்றது. ஆட்கள் நாலு பேரோடு கோதண்டராமன் இறங்கினார். பின்னால் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"பாஞ்சால, கதவத் தொற. அம்மாவ அழைச்சிக்கினு போறாங்க" என்றார் டாக்டர்.

"முடிவு வந்துடுச்சுங்களா சார்?"

"வரல. பரவால்ல, தொற."

"நீங்களே வந்து சொன்னாலும் தொறக்காதேன்னு சொன்னீங்களே சார்? இப்ப நீங்களே வந்து சொல்றீங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்றது சரியாத்தான் கீது" என்று ஆட்களில் ஒருவன் முணுமுணுத்தான். பாஞ்சாலை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். நானும் பிளீச்சிங் வாளியோடு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பேதித் துணி அலசறவளுக்கு இவ்ளோ திமிரா?" என்று மண்டிக்காரர் கத்தினார். "இந்த ஆஸ்பத்திரிய யாரு கட்டுனதுன்னு தெரியுமா?"

"உங்க அப்பாரு கட்டுனாருங்க. நாங்க கழுவறோம்."

"சாதத்துல கை வெச்சிட்டு உடனே திரும்பிடப் போறாங்க. அதுக்கு இன்னாடி?"

"அந்தக் கைதாங்க வேணாங்கறேன். அந்தச் சோத்துக்கு மொத பந்தியில எம் புள்ளைங்க குந்தியிருக்குதுங்க. ஊரு ஊரா வந்த புள்ளைங்க குந்தியிருக்குதுங்க."

"வேல போயிடும், பாத்துக்க."

"போவட்டுங்க. சாவி வராது."

அடி ஆத்தே! இழுத்துப் போடச் சொல்லி அவர் ஆட்களைப் பார்த்தார். இழுப்பதென்றால் அவள் புடவையைத் தொட வேண்டும், கொட்டகைக்குள்ளேயே கிடந்த புடவை. ஒருத்தனும் அசையவில்லை. உள்ளேயிருந்து ஜோதியம்மாள், "கட்டையில போறவளே, நீ வெளங்குவியாடி?" என்று கூப்பாடு போட்டாள். "திட்டும்மா, நல்லா திட்டு. திட்டறதுக்குத் தெம்பு வந்துடுச்சே!" என்றாள் பாஞ்சாலை, திரும்பிப் பார்க்காமலே.

கார் வந்த வழியே போனது. தயிர்சாதத்தை மருமகள் பிசைந்தாள். சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றியபோது ஜன்னலைத் திறந்து விட்டோம். ஜோதியம்மாள் கை கூப்பியபடி குழந்தை மாதிரி அழுதாள். "மாமியா போனதுலேருந்து ஒரு வருஷங்கூட நான் பெசையறது தவறலடி" என்றாள். பாஞ்சாலைக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்துவிட்டு, நேராகப் போய்த் தன் கையைக் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. கிருமி இன்னும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மண்டிக்காரர் அதைக் காதில் வாங்கினால்தானே? பாஞ்சாலையை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"கிருமி கிருமின்னு பூச்சாண்டி காட்டுன. அவ்ளோ ஜனம் துன்னுட்டுப் போச்சு, எவனாவது வயித்த வலின்னு வந்தானா? ஒருத்தனுக்காவது ஒண்ணு ஆச்சா? ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு என்னை ஊரு சிரிக்க வெச்சிட்ட. நாளையிலேருந்து வராத."

பாஞ்சாலை சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலீங்களே?"

"ஆவல!"

"அதுக்குத்தாங்க குந்தினேன்."