தூக்கத்தில் ஏலம் விட்டவர்

ஏலக்காரரின் மூளைக்குள் கம்பி வைக்கப்போகிறார்கள் என்றதும் காய்கறிச் சந்தையே திரண்டு வந்து யோசனை சொன்னது. "மண்டையில ஓட்டை போட்டா மூளை ஆவியாப் போயிடும்," என்றார் வெங்காய வியாபாரி. அவருக்கு அந்த அனுபவம் உண்டோ என்னவோ!

ஏலக்காரர் "ஒரு தரம்" என்றால் ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்கும். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்ததும் கை உதறியது, குரல் கொசுவின் முனகலாகிவிட்டது. ஆனால் தூங்கிவிட்டால் போதும், பழைய குரல் எங்கிருந்தோ ஓடி வந்துவிடும். இது என்ன அநியாயம்! கனவு காணும்போது நமக்கெல்லாம் கைகால் கட்டிப்போட்டது போலக் கிடக்கும். இந்த நோய்க்காரர்களில் சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுமாம். கனவில் நடப்பதெல்லாம் கட்டிலிலும் நடக்கும். இவர் மனைவியின் தலையைத் தர்பூசணி என்று நினைத்து ஓங்கித் தட்டி, "நல்லாப் பழுத்திருக்கு, யாரு எடுக்கறீங்க?" என்று முழங்கினார். வீங்கிய தலையோடு அவள் அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும், கட்டிலின் மறுபாதி காலியாகக் கிடக்கலாமா? "நடுக்கம் நல்லாக் குறையும், தூக்கமும் கொஞ்சம் சீராகும். ஆனா..." என்று டாக்டர் சொன்னதில், "ஆனா"வுக்குப் பிறகு வந்தது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவள் திரும்பி வந்துவிடுவாள் என்ற நினைப்பிலேயே சரி என்று தலையாட்டிவிட்டார்.

அறுவை சிகிச்சையன்று தலை அசையாதபடி உலோகச் சட்டத்தில் பூட்டி, மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே வேலையைத் தொடங்கினார்கள். கம்பி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க அவர் பேச வேண்டுமாம்.

"ஐயா, பழக்கமானதா ஏதாவது சொல்லிக்கிட்டே இருங்க."

அவருக்குப் பழக்கமானது ஒன்றுதானே! கண்ணெதிரே பெரிய விளக்கு தொங்கியது.

"பளபளன்னு விளக்கு! ஒரு தரம்!"

பார்வையைச் சோதிக்க நர்ஸ் இரண்டு விரலைக் காட்டினாள். சந்தையில் விரல் காட்டினால் விலை கேட்டதாக அர்த்தம்.

"அம்மா ஏத்திட்டாங்க! ரெண்டு தரம்! மூணு தரம்! விளக்கு அம்மாவுக்கு. வண்டி கொண்டாந்தீங்களா?"

"யாரும் சிரிக்காதீங்க, கம்பி என் கையில இருக்கு," என்று டாக்டர் தன் ஆட்களை அதட்டினார். கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் கை உதறல் சட்டென்று அடங்கியது. ஏலக்காரர் குழந்தை போல அழுதுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். பெருமையோடு மத்தியானம் கண்ணயர்ந்தார். பழைய குருடி கதவைத் திறடி! தன் கூச்சலிலேயே திடுக்கிட்டு விழித்தார்.

டாக்டருக்கு போன் போட்டார். "அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்? கனவுல கத்துறது சிலருக்குப் போகாது ஐயா. அதுக்குத் தனியா மாத்திரை பார்க்கலாம்."

மண்டையைத் துளைத்தும் மனைவி அடுத்த அறையில்தான். அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கத்தினேனா?"

"தொண்டை கிழிய. ரெண்டு தரம் வரைக்கும் வர்றீங்க, வாங்க ஆள் இல்லாம மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறீங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. 'நான் எடுத்துக்கறேன்'னு சொன்னேன். மூணு தரம்னு முடிச்சிட்டு, சமர்த்தாத் தூங்கிட்டீங்க."

"எதை வாங்கினே?"

"சரக்கை யாரு பார்த்தா? நீங்க வித்தா எனக்குப் போதும். இனிமே தினமும் வாங்க ஆள் வேணுமில்ல? நகர்ந்து படுங்க."

அவர் அவசரமாக நகர்ந்தார். அவள் மகனின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள்.