அஜீசாவும் கத்துகிற டப்பாவும்

அஜீசாவின் காதில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரம்மா அவளைச் செவிடு என்றே முடிவு கட்டி, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அஜீசாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. பேசியதுதான் விளங்கவில்லை. எனக்கும் முழுசாக விளங்கவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

நான் ஐரீன். தண்டையார்பேட்டையில் பதினேழு வருஷமாக அவளுக்குப் பக்கத்து வீடு. டோல்கேட் பக்கம் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அஜீசா பிறந்து வளர்ந்தது ராயபுரம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார வைத்தார்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைகளுக்கு நைட்டி தைக்கிறாள், நாளைக்கு முப்பது. வீட்டுக்காரர் நசீர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் இரண்டு மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். ஒரே மகள் நவ்ரீன், பத்தாவது படிக்கிறாள். “நான் மிஷினுக்குப் பொறந்தவக்கா, இது புஸ்தகத்துக்குப் பொறந்துது” என்று அஜீசா அடிக்கடி சொல்வாள். அந்தப் பெண் பத்தாவது பாஸாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு கோரிக்கை இருந்ததாக எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்று திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. காலை பத்துக்கு வரும், மறுநாள் மத்தியானம் இரண்டுக்கு வரும். வந்தால் அரை மணி நேரம். நான் வீட்டில் இருந்தால் ஒரு குரல் கொடுப்பேன். கடையில் இருந்தால் என்ன செய்ய முடியும்? அஜீசாவின் மிஷினில் மோட்டார் ஓடும்போது வாசலில் இடி விழுந்தாலும் கேட்காது. நைட்டியை முடித்துவிட்டு வந்து பார்த்தால் குழாய் காற்றைத்தான் கக்கும். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைவாள்.

அதற்குத்தான் நவ்ரீன் அந்த டப்பாவைச் செய்தாள். பேரீச்சம்பழம் வந்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு மூன்று பொடிச் சாமான்கள். வெளியே நீளமாக இரண்டு வயர். வயர் முனைகளைக் குழாய்க்குக் கீழே வாளியில் போட்டுவிட வேண்டும். தண்ணீர் பட்டால் டப்பா கத்தும். அவ்வளவுதான் சமாசாரம். அதை மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள் அஜீசா. முதல் நாள் அது கத்தியதும் ஊசியில் விரலைக் கொடுத்துவிட்டு “யா அல்லா” என்று ஓடி வந்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் எல்லாக் குடமும் நிறைந்தது. எனக்கும் ஒன்று செய்து கொடுடி என்று நவ்ரீனிடம் கேட்டு வைத்தேன்.

டப்பாவில் ஒரு வயர் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற பிராங்கிளின் சாரிடம் சொன்னாள். “லேப்ல சால்டரிங் பண்ணித் தரேன், எடுத்துட்டு வா” என்றார் அவர். செவ்வாய்க்கிழமை அதைப் புத்தகப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலையும் வைத்தாள். பாட்டில் மூடி சரியாகப் பொருந்தாத மூடி.

அதற்கப்புறம் நடந்ததை நான் பல வாய் வழியாகக் கேட்டு அடுக்கிச் சொல்கிறேன். மூன்றாம் பீரியடில் பாட்டில் ஒழுகியது. வயர் நனைந்தது. பைக்குள்ளிருந்து டப்பா கத்த ஆரம்பித்தது. கணக்கு டீச்சர் பையைத் திறந்து பார்த்தார். டப்பா, கறுப்பு டேப், வயர், சிவப்பாக ஒரு விளக்கு. “எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று அலறிக்கொண்டு அவரே முதலில் ஓடினார்.

நவ்ரீன் அதை அணைக்கப் போனாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பயம். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே படிக்கிறார்கள், தொழிற்சாலையில் விஷவாயு கசிந்து ராத்திரியில் ஓடியவர்கள், அவர்களுக்குச் சத்தம் என்றால் கேஸ்தான். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளக் குழாயடியில் முந்நூறு பேர் முட்டிமோதினார்கள். வாசலுக்கு வந்த அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் பாம் என்றார்கள், பாதிப் பேர் கேஸ் என்றார்கள்.

வாட்ச்மேன் அலெக்ஸாண்டர் தைரியசாலி. நாட்டு வெடிகுண்டைப் பிடித்தால் போலீஸ்காரர்கள் வாளித் தண்ணீரில் முக்கி வைப்பதை எங்கள் ஏரியாவில் சின்னக் குழந்தை கூடப் பார்த்திருக்கும். அவரும் அதைத்தான் செய்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து பையின் மேல் கொட்டினார். தண்ணீர் பட்டால் கத்துகிற டப்பா என்ன செய்யும்? முன்னைவிட நன்றாகக் கத்தியது.

“இன்னொரு வாளி!” என்று மாடியிலிருந்து தலைமையாசிரியை கத்தினார். அலெக்ஸாண்டர் இன்னொரு வாளி ஊற்றினார். அது அடங்கவில்லை.

“தண்ணி ஊத்தாதீங்க அங்கிள்! ஊத்துனா கத்திக்கினேதான் இருக்கும்!” என்று நவ்ரீன் மைதானத்திலிருந்து கத்தினாளாம். வாயை மூடு என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஐந்து வாளி ஊற்றிய பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி வந்து, டேப்பைக் கிழித்து, பேட்டரியைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. நவ்ரீனின் பத்தாம் வகுப்புப் புத்தகமெல்லாம் கூழாகிப் போயிருந்தது.

அஜீசாவுக்கு போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். “உங்க பொண்ணு ஒரு பொருள் கொண்டாந்திருக்கா, உடனே வாங்க” என்றார்கள். என்ன பொருள் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் அவள் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“இன்னா பொருளுக்கா? போனு கீனு எடுத்துகினு போயிட்டாளா?”

“போனா இருந்தா இப்டி பதறுவாங்களாடி?”

“அப்ப எவனாச்சும் லெட்டர் குட்த்துட்டானா?” என்றாள். அவளுக்குத் தெரிந்த தப்புகளே அவ்வளவுதான்.

தலைமையாசிரியை ரேச்சலை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். அன்றைக்கு என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மேஜை மேல் டப்பா நனைந்து கிடந்தது. மூலையில் நவ்ரீன் நின்றாள், முகம் வெளிறி. பக்கத்தில் பிராங்கிளின் சார்.

அஜீசா டப்பாவைப் பார்த்தாள். “இது எங்க வூட்டு டப்பா” என்றாள். தொலைந்து போன சாமானைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு நிம்மதி அவள் முகத்தில்.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். “வீட்டுக்காரர் எங்கம்மா?”

“போர்ட்ல சார்.”

“போர்ட்டுக்கு உள்ளயே போவாரா?”

“போனாதான சார் கன்டெய்னரு எறக்க முடியும்.”

“வெளிநாட்டுல யாராவது சொந்தக்காரங்க?”

“குவைத்ல எங்க சித்தப்பா கீறாரு. டிரைவரு.” அஜீசாவுக்கு முகம் மாறிவிட்டது. “ஏன் சார், அவருக்கு இன்னாச்சு?”

அவளுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது, ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “எம் பையன் கூட துபாய்லதான் கீறான் சார். என்னியும் எய்திக்குங்க, ஐரீன்னு” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டை மூடினார். “மேல கேப்பாங்கம்மா, அதுக்குத்தான். எனக்கு இதுல ஒண்ணும் தப்பாத் தெரியல. தண்ணி அலாரம்னுதான் எழுதப்போறேன்” என்றார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை.

நவ்ரீன் மெல்லச் சொன்னாள், “பிராங்கிளின் சார்தான் கொண்டாரச் சொன்னாரு மிஸ்.”

பிராங்கிளின் சார் தரையைப் பார்த்தார். “நான் பொதுவா சொன்னேன் மேடம். இந்த மாதிரின்னு தெரியாது” என்றார். நவ்ரீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ரேச்சல் ஒரு டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். வெளியே நூறு பெற்றோர் நிற்கிறார்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ போய்விட்டது, எதையாவது காட்டியாக வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டால் நவ்ரீன் தொடர்ந்து படிக்கலாம். போடாவிட்டால் டிசி. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அஜீசா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘என் மகள் ஆபத்தான பொருளைப் பள்ளிக்குக் கொண்டு வந்தது குற்றம். இனி இதுபோல் எதையும் செய்ய மாட்டாள் என உறுதி கூறுகிறேன்.’

“ஆபத்தான பொருள்னா எது மேடம்?”

“இந்த டப்பாதாம்மா.”

“இது தண்ணி டப்பா மேடம்.”

“அப்போ எங்களுக்கு அது தெரியாதில்ல?”

“இப்ப தெரியுமா?”

“இப்ப தெரியும்.”

“இத்த எப்ப எய்துனீங்க?”

“இப்பத்தான்.”

அஜீசா காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குத்திக் காட்ட அவளுக்குத் தெரியாது. உள்ளபடியே அவளுக்குப் புரியவில்லை. அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த டீச்சரம்மா நடுவில் வந்து, கையை ஆட்டி, உரக்க, “உங்க... பொண்ணு... செஞ்சது... தப்பு!” என்று விளக்கினார்.

“போடாத அஜீசா” என்றேன் நான். “நாளைக்கி எவனாச்சும் இந்தக் காயிதத்தைக் காட்டி, உம் பொண்ணு பாம் கொண்டாந்தவன்னு சொல்லுவான்.”

“போட்ரும்மா” என்றாள் நவ்ரீன். “எனக்குப் பரிட்சை எழுதணும்.”

அஜீசா என்னைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, அ, ஜீ, சா என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ரேச்சலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டப்பாவைக் கேட்டேன். அது ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமாம்.

ஆட்டோ பிடித்து மூன்று பேரும் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் நவ்ரீன் உள்ளே போன பிறகு அஜீசா என் கையைப் பிடித்தாள். “அக்கா, அவங்கெல்லாம் படிச்சவங்க. அம்மாம் பேரு சொல்றாங்க. எனுக்குத் தெரியாம அதுல ஏதாச்சும் கீதோ இன்னாவோ?”

“பைத்தியமாடி நீ? தெனம் உன் பக்கத்துலதான வெச்சிருந்த?”

“ஆமாங்கா” என்றாள். ஆனால் அந்த ஆமாவில் தெம்பு இல்லை.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பி வெளியே வந்தேன். நவ்ரீன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அஜீசா படிக்கட்டில் உட்கார்ந்து மகளின் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை வெளியே எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். கடைசியில் சாப்பாட்டு டப்பா. கொஞ்ச நேரம் முன்னால் அவளே கட்டிக் கொடுத்தது. அதன் மூடியைத் திறந்து, தக்காளிச் சோற்றை ஸ்பூனால் அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள்.

தாய் உதறி வைத்த புத்தகங்களை நவ்ரீன் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

“இன்னாடி தேட்ற?” என்று கேட்டேன்.

அஜீசா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். “தெரிலக்கா” என்றாள்.